தூத்துக்குடிக்கு ஆள் போவதா, குடும்பம் போவதா?

2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. 400 ஏக்கர் இடம். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள், போகப்போக ஒன்றரை லட்சம் என்பது அறிவிப்பு. அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் புதிய முனையம் வந்தது. 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தூத்துக்குடியில் நியோ டைடல் பார்க்கும் திறந்தாயிற்று. இதுவரை கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துப் பிள்ளைகள் வேலை தேடி பஸ் ஏறினால் திருப்பூருக்கோ கோவைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோதான் போவார்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க மட்டுமே போய்க்கொண்டிருந்த தூத்துக்குடி, இப்போது அறுபது கிலோமீட்டரில் நின்று ஆள் கேட்கிறது. கூடவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழுகிறது: வேலை கிடைத்தவர் மட்டும் போனால் போதுமா, வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லோரும் போவதா? பக்கத்தில் வளர்ந்து வரும் நடுத்தர நகரத்துக்குப் போவதென்றால் குடும்பமாகப் போவதே மேல் என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவைச் சம்பளத் தொகையை வைத்து எடுக்கக் கூடாது. குடும்பங்கள் தயங்குவதற்குக் காரணமும் அவர்களுடைய பயந்த சுபாவம் அல்ல. ஆள் கேட்கிற நகரம் குடும்பத்துக்கு இடம் வைக்கவில்லை.

முதலில் கரிசல் வீட்டு வருமானம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். இது மானாவாரிப் பூமி. வடகிழக்குப் பருவமழை ஒன்றை நம்பி, புரட்டாசியில் விதைத்து, தை மாசியில் அறுவடை. உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி என்று இருந்த காட்டில் மக்காச்சோளம் நுழைந்தது. 2018இல் படைப்புழு வந்து அதன் லாபக் கணக்கையும் கலைத்தது. மழை பிந்தினால் விதை கருகும், அறுவடை நேரத்தில் பெய்தால் உளுந்து காயிலேயே முளைக்கும், இரண்டுக்கும் தப்பினால் காட்டுப்பன்றி. ஆகவே இங்கே எந்த வீடும் நிலத்தை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. ஆண் கட்டட வேலைக்கோ டிரைவராகவோ போவார். பெண் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குவார், இல்லையென்றால் நூல் மில் வேனில் ஏறுவார். பெரியவர்கள் நாலு ஆடு வைத்திருப்பார்கள். ஊர்ப்பக்கம் நூறு நாள் வேலை இருந்தால் அதுவும். சிறிய தொகைகள்தான். ஆனால் ஒன்று நின்றால் இன்னொன்று தாங்கும். தீப்பெட்டித் தொழிலே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயானது 2021 டிசம்பரில், அதாவது பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. இடையில் லைட்டர் வந்து சந்தையைத் தின்றது, இயந்திர ஆலைகள் கைவேலையைக் குறைத்தன. ஊரில் இருந்தால் எப்படியும் ஓடும் என்று சொல்வதற்கு முன்பிருந்த உறுதி இன்றைக்கு இல்லை.

இந்த வருமானத்தின் பக்கத்தில் புதிய சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். தூத்துக்குடியில் ஒருவருக்கு மாதம் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோவில்பட்டியில் அவர் வாங்கிக்கொண்டிருந்தது பன்னிரண்டாயிரம். ஆறாயிரம் கூடுதல் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் முதல் கடன் கொடுத்தவர் வரை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். ஊரில் சொந்த வீடு, வாடகை கிடையாது. நகரத்தில் வாடகையும் மின்கட்டணமும் கேன் தண்ணீரும் அந்த ஆறாயிரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மனைவிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வாரக் கூலியாக வந்தது நின்றுவிடும். ஆட்டை விற்க வேண்டும். பாட்டி வீட்டில் இருந்ததால் இலவசமாக நடந்துகொண்டிருந்த பிள்ளை வளர்ப்பு, நகரத்தில் பணச் செலவாகவோ மனைவி வேலைக்குப் போக முடியாத நிலையாகவோ மாறும். கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது பல வீடுகளில் பூஜ்யத்துக்குப் பக்கம். மனைவிக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தால் மட்டுமே கணக்கு நிமிர்கிறது. எனவே விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் கணவனின் சம்பளமே அல்ல, மனைவிக்கு அந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது என்பதுதான். தூத்துக்குடியில் மீன் பதனிடும் கம்பெனிகள், உப்பளங்கள், ஜவுளிக்கடைகள், ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. உப்பளம் கரிசல் பெண்களுக்குப் பரிந்துரைக்கக் கூடிய வேலை இல்லை. மழைக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். மற்றவற்றில் இடம் உண்டா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஷிப்ட் எப்போது முடியும் என்பதையெல்லாம் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும்.

குடிபெயர்வது கரிசல் மண்ணுக்குப் புதிதும் அல்ல. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலே குடிபெயர்ந்து வந்த ஒரு கூட்டம் காட்டைத் திருத்தி ஊரமைத்த கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடுகளிலிருந்து வடக்கே நகர்ந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் காலூன்றிய விதம் இன்னும் நெருக்கமான பாடம். அவர்கள் சரக்கையும் வண்டியையும் மட்டும் கொண்டு போகவில்லை. வழியில் இறங்கித் தங்கப் பேட்டை கட்டினார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகப் பிரித்தார்கள். உறவின்முறை கூடி அந்தப் பணத்தைக் கிணற்றுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் செலவிட்டது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா வீடு வீடாக எடுத்துவைத்த பிடியரிசியால் வளர்ந்தது என்பது தெரிந்த வரலாறு. காமராஜர் படித்தது அங்கேதான். அந்த அமைப்பு ஒரே சாதிக்குள் அடங்கியிருந்தது, அதன் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புது ஊரில் ஒரு குடும்பம் நிலைப்பதற்குத் தங்க இடமும் தண்ணீரும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் முதலில் வேண்டும் என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வருமானம் அதற்குப் பிறகு பெருகியது.

இதே புரிதல் ஒரு காலத்தில் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கும் இருந்தது. 1974இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்து ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, அனல் மின்நிலையம் என்று வந்தன. ஒவ்வொன்றும் தன் தொழிலாளிகளுக்குக் குடியிருப்பு கட்டியது. ஸ்பிக் நகர், தெர்மல் நகர், ஹார்பர் எஸ்டேட் என்ற பெயர்கள் இன்றும் பஸ் போர்டில் இருக்கின்றன. ஸ்பிக் நகரில் பள்ளிக்கூடமும் சேர்த்தே கட்டப்பட்டது. அங்கே வேலைக்கு வந்தவர் குடும்பத்தோடு வந்தார், பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள், ஓய்வுபெற்ற பிறகு பலர் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். இந்தச் சலுகை நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான், கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடைத்ததில்லை என்பது உண்மை. இருந்தாலும் வேலைக்கு எடுப்பது என்றால் குடியிருக்க வைப்பதும் அதில் சேர்த்தி என்ற எண்ணம் அப்போது இருந்தது. இப்போது தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சியில் பெருமையாகக் காட்டப்படுவது ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் இடம். முன்பு குறுகிய அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்த பெண்களுக்கு அது பெரிய நிம்மதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே கட்டில் உண்டு, அடுப்பு கிடையாது. கல்யாணம் ஆனால் அந்தப் பெண் எங்கே போவாள் என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை. சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புவாள் என்பதுதான் அதன் அடியில் இருக்கும் அனுமானம். தூத்துக்குடியும் இந்த வழியில் போனால் கரிசல் காட்டுக்குக் கிடைக்கப் போவது சில வருடச் சம்பளம் மட்டும்தான்.

இதற்கு ஊரில் சொல்லும் முதல் பதில் நமக்குத் தெரியும்: “முதல்ல அவன் மட்டும் போகட்டும், நல்லா இருந்தா பெறகு கூட்டிட்டுப் போகட்டும்.” மூன்று மாதம், ஆறு மாதம் என்றால் இது நல்ல யோசனைதான். வேலை நிலைக்குமா, மேஸ்திரி எப்படி, ஓவர்டைம் பணம் ஒழுங்காக வருமா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். ஆனால் இந்த ஆறு மாதம் ஆறு வருடமாக நீள்வதைத் திருப்பூரிலும் சென்னையிலும் கண்டிருக்கிறோம். இரண்டு அடுப்பு எரிகிறது. வாரக் கடைசியில் பஸ் கட்டணம். ஓட்டல் சாப்பாடு, அறை வாடகை, கூட இருப்பவர்களோடு ஞாயிற்றுக்கிழமைச் செலவு. ஊருக்கு அனுப்பும் தொகை வருடா வருடம் ஏறுவதில்லை, விலைவாசி ஏறுகிறது. ஊரில் மனைவி காட்டையும் பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறாள். அந்த உழைப்புக்கு யாரும் விலை போடாததால் ஆள் மட்டும் போவது மலிவு என்று தோன்றுகிறது. மலிவே இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. அறுபது கிலோமீட்டர்தானே, கோவில்பட்டியில் இருந்துகொண்டே போய்வரலாமே? ஒத்துக்கொள்கிறேன், பல குடும்பங்களுக்கு இதுதான் சரியான வழியாக இருக்கும். கோவில்பட்டியும் சும்மா கிடக்கும் ஊர் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே நகராட்சியில் சுமார் 95 ஆயிரம் பேர். நான்குவழிச் சாலையும் சென்னை ரயில் தடமும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் உண்டு, 1984 முதல் பொறியியல் கல்லூரி உண்டு. குடிக்கத் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து வருகிறது. விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகக் கோவில்பட்டியில் வீடு எடுத்து வந்தவர்கள் ஏற்கெனவே ஒரு முறை குடிபெயர்ந்துவிட்டார்கள். இன்னொரு முறை பெயர யோசிப்பது இயல்பு. கம்பெனி பஸ் கோவில்பட்டி வரை வந்தால், பகல் ஷிப்ட் மட்டும் என்றால், போய்வருவதே நல்லது. ஷிப்ட் மாறி மாறி வந்தால் நிலைமை வேறு. எட்டு மணி நேர வேலையோடு மூன்று, நான்கு மணி நேரப் பயணத்தைச் சேர்த்தால் அந்த மனிதர் வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும்தான். அப்படியான போய்வருதல் சில வருடங்களில் உடம்பை வாங்கிவிடும்.

மூன்றாவது, இந்த வேலை நிலைக்கும் என்று என்ன நிச்சயம்? நியாயமான பயம்தான், தூத்துக்குடிக்காரர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு அந்த ஆலை மூடப்பட்டது. மூடியது சரியே என்று நினைப்பவர்கள்கூட, அதை நம்பியிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளிகளும் லாரிக்காரர்களும் வேலை இழந்ததை மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பயம் நடுத்தர நகரத்துக்கு எதிராக நிற்பதைவிட ஒற்றை ஆலையை நம்புவதற்கு எதிராகத்தான் நிற்கிறது. துறைமுகம், உப்பு, மீன், உரம், மின்சாரம் என்று பல தொழில்கள் ஓடும் ஊரில் ஒன்று போனால் இன்னொன்றைத் தேட முடியும், வீட்டில் இருவர் வெவ்வேறு இடத்தில் வேலை பார்த்தால் இன்னும் பாதுகாப்பு. ஆகவே நான் வைக்கும் அளவுகோல் எளிது. சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? ஆலையே நேரடியாக எடுத்திருக்கிறதா, இடையில் ஏஜென்சியா? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் தருகிறது. அது இல்லாத வேலையை நம்பிக் குடும்பத்தைப் பெயர்க்கக் கூடாது. ஏஜென்சி ஆளாகப் போகிறவர் முதல் வருடம் தனியாகவே இருக்கட்டும்.

பிள்ளைகளின் படிப்பில்தான் பெரிய நஷ்டம் சத்தமில்லாமல் நேர்கிறது. நகரத்துக்குப் போனால் நல்ல பள்ளி என்பது பொதுவான ஆசை, நல்ல பள்ளி என்றால் கட்டணம் வாங்கும் மெட்ரிக் பள்ளி என்பது பொதுவான நினைப்பு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் நீட்டப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரி செல்லும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை 2024 முதலும் கிடைக்கிறது. இவற்றிலும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. கயத்தாறு அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண்ணைத் தூத்துக்குடி மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்க்கும் தகப்பனார், கட்டணத்தைக் கையிலிருந்து கட்டுவதோடு இத்தனையையும் கைவிடுகிறார் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கே மாற்றினால் எதுவும் போகாது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் இருக்கும் பிள்ளைகளை நடுவில் பெயர்க்கவே கூடாது, குடும்பம் ஒரு வருடம் காத்திருக்கலாம்.

எல்லோரும் போய்விட்டால் ஊர் என்ன ஆவது, காட்டை யார் பார்ப்பது என்பது கடைசி ஆட்சேபம். தரிசாகக் கிடக்கும் நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறுவதைப் பார்க்கிற எவருக்கும் இது வலிக்கும். ஆனால் மானாவாரி வெள்ளாமைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டாம். விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று வேலை குவியும் நாட்கள் சில வாரங்கள்தான். திருப்பூரிலிருந்து அதற்கு வர முடியாது, தூத்துக்குடியிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடலாம். பெரியவர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்கலாம். தூரத்து மாநகரத்தைவிடப் பக்கத்து நகரம் மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம், சம்பளம் பக்கத்து நகரத்தில் சில ஆயிரம் குறைவாக இருந்தாலும். ரேஷன் அட்டையை உடனே மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அது உரிமை. நூறு நாள் வேலை மட்டும் ஊராட்சியோடு கட்டப்பட்டது, அதை இழப்புக் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

இவ்வளவையும் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட முடியாது. சலுகை விலையில் நிலமும் தண்ணீரும் சாலையும் ஆலைகளுக்குக் கொடுக்கும் அரசு, அதன் பேரில் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளையும் கேட்டு வாங்கலாம். சிப்காட்டை ஒட்டி விடுதிகள் வரட்டும். அதோடு ஒரு படுக்கையறை வீடுகளும், அரசு மேல்நிலைப் பள்ளியும், குழந்தைகள் காப்பகமும் வரவேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் வழியாக ஷிப்ட் நேரத்துக்குப் பஸ் விடுவது இன்றைக்கே செய்யக்கூடியது. தொகுதி எம்.எல்.ஏ.க்களிடம் ‘எங்க பிள்ளைக்கு வேலை’ என்று மனு கொடுப்பவர்கள் இதையும் சேர்த்து எழுதலாம்.

வீடு தேடுகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டு ஓனரிடம் பேரம் பேச இது உதவும். கேட்ட தொகையை எழுதிய ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் உதவாது. அடுத்தது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியின் தாழ்வான தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. கரிசலில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் இல்லாத கஷ்டம்தான் பழக்கம், வீட்டுக்குள் தண்ணீர் வரும் கஷ்டம் பழக்கமில்லை. வாடகை குறைவாக இருக்கும் தெரு பெரும்பாலும் பள்ளமான தெருவாக இருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று அதே தெருவில் நாலு வீட்டில் கேளுங்கள். வீட்டு ஓனரிடம் மட்டும் கேட்காதீர்கள்.